கடைசியாக வந்த மசோமா

சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் எமது ஊர்களில் விளையாட்டு விழாக்களுக்குக் குறைவிருக்காது. கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், தலையணைச் சமர், சங்கீதக் கதிரை என்று பட்டியல் நீளும். ஆண்களுக்கென விடியற்காலையில் ஊரைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டம் வைப்பார்கள். பெண்களுக்கும் சைக்கிள் போட்டி உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மெதுவான சைக்கிள் ஓட்டம். யார் ஆகப் பிந்தி வருகிறாரோ அவருக்கே பரிசு. கால் ஊன்றாமல், சமநிலை தவறாமல் மெல்ல ஓடுவதும் ஒரு திறமைதான். மறுக்கவில்லை. இருந்தாலும், வேகமாக மிதிக்கக்கூடிய பிள்ளைகளுக்கு "மெல்லப் போனால்தான் பரிசு" என்று வருடாவருடம் ஏன் சொல்லிக்கொடுக்கிறோம் என நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

இம்முறை நாம் அறிமுகப்படுத்தும் பெண்ணும் ஒரு போட்டியில் எல்லோருக்கும் பிந்தியே வந்து சேர்ந்தார். ஆனால் அது உலகின் மிக வேகமான பெண்கள் ஓடிய ஒலிம்பிக் ஓட்டம். அவரது பெயர் மசோமா அலிசாதா. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்தவர். 1996 இல் பிறந்தவர். அகதியாக வளர்ந்து, சொந்த நாட்டுக்குத் திரும்பி, மீண்டும் அகதியானவர்.

மசோமாவின் குடும்பம் ஹசாரா எனப்படும் சிறுபான்மை இனத்தைச் சேர்ந்தது. ஆப்கானிஸ்தானில் இந்த மக்கள் நீண்ட காலமாகவே ஒதுக்கப்பட்டும் தாக்கப்பட்டும் வந்திருக்கிறார்கள். தலிபான்களின் முதலாவது ஆட்சிக் காலத்தில் இக்குடும்பம் எல்லை கடந்து ஈரானுக்குப் போய்விட்டது. அங்கேதான் மசோமா சைக்கிள் பழகினார். பழக்கியவர் தகப்பன். இந்த ஒரு விடயத்தை வாசகிகள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படையாக இருந்தது.

காபூலுக்குத் திரும்பிய பின்னர், பாடசாலை மாணவியாக இருந்த காலத்திலேயே மசோமா தேசியப் பெண்கள் சைக்கிள் ஓட்ட அணியில் சேர்ந்தார். தங்கை சாராவும் அதே அணியில் ஓடினார். எமது ஊரில் ஒரு பெண்பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காபூலில் அப்படியல்ல. இருக்கையில் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்காருவதே ஒழுக்கக்கேடு என்று நினைப்பவர்கள் அங்கே அநேகம். அந்தப் பெண்கள் வீதியில் இறங்கினால் வசைமொழி வரும், கல் வரும். காரில் வந்த ஒருவனால் மசோமா தாக்கப்பட்டும் இருக்கிறார். பயிற்சிக்கு நல்ல பாதை, நல்ல சைக்கிள், நல்ல உணவு எல்லாம் பிறகுதான். வீட்டிலிருந்து புறப்பட்டு உயிரோடு திரும்பி வருவதே அவர்களுக்கு முதல் வேலையாக இருந்தது.

வெளி அச்சுறுத்தலைவிட உறவினரின் சொல் சில வேளைகளில் கூடுதலாகச் சுடும். "குமர்ப்பிள்ளையை இப்படி வெளியில் விடலாமா?" என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். மசோமாவின் பெற்றோர் பிள்ளைகளின் பக்கமே நின்றார்கள்.

2016 இல் இந்த அணியைப் பற்றிய ஒரு விவரணப் படம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர், இளைப்பாறிய வழக்கறிஞரான பற்றிக் கொமுனால். அவர் இப்பெண்களோடு தொடர்பை ஏற்படுத்திக்கொண்டு, குடும்பம் முழுவதற்கும் மனிதாபிமான விசா கிடைப்பதற்கு உதவினார். 2017 இல் அவர்கள் பிரான்ஸ் வந்து சேர்ந்தார்கள். உப்பளங்களுக்குப் பெயர்போன குவெராந்த் என்ற மேற்குக் கரையோர ஊரில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். மொழி புதிது, குளிர் புதிது. இந்தப் புதுவாழ்வின் பாரம் எப்படிப்பட்டது என்பதை முகாமில் அடுப்பு மூட்டிய பெண்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

மசோமா பிரெஞ்சு மொழி பயின்று, லீல் நகரில் கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். படிப்புக்கு இடையில் சைக்கிள் பயிற்சி. சம்பளத்துக்கு ஓடும் தொழில்முறை வீராங்கனை அல்லர் அவர். சர்வதேச ஒலிம்பிக் குழு அகதி விளையாட்டு வீரர்களுக்கு வழங்கும் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. ரோக்கியோவுக்குப் போவதற்கு முன்னர் சுவிற்சர்லாந்தின் ஏய்கல் நகரிலுள்ள சர்வதேசச் சைக்கிள் ஓட்டச் சம்மேளனத்தின் நிலையத்திலும் பயிற்சி பெற்றார். அகதிகள் ஒலிம்பிக் அணிக்கு அவர் தெரிவாகியிருந்தார்.

தனியே ஓடும் ஓட்டம்

2020 இல் நடக்கவேண்டிய ரோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் ஒரு வருடம் பிந்தி 2021 இல் நடந்தது. மசோமாவுக்கு வாய்த்தது தனிநபர் நேர ஓட்டம். இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

சாதாரண வீதி ஓட்டத்தில் எல்லோரும் கூட்டமாகப் புறப்படுவார்கள். முன்னால் போகிறவரின் பின்சில்லோடு ஒட்டி ஓடினால் காற்றின் எதிர்ப்பை அவர் தாங்கிக்கொள்வார். பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சக்தி மிச்சமாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் மிதித்துப் போனவர்களுக்கு இது நன்றாக விளங்கும். முன்னால் ஒரு பெரிய ஆள் போய்க்கொண்டிருந்தால் எவ்வளவு ஆறுதல்! நேர ஓட்டத்தில் அந்த ஆறுதல் கிடையாது. ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுப் புறப்படவேண்டும். இன்னொருவரின் பின்னால் ஒட்டி ஓடுவது தடை. காற்றும் ஏற்றமும் கடிகாரமும் மட்டும்தான் துணை.

2021 ஜூலை 28 ஆம் திகதி, ஃபூஜி மலைக்கு அண்மையிலுள்ள காரோட்டப் பந்தயத் திடலை மையமாகக் கொண்ட பாதையில் இப்போட்டி நடந்தது. தூரம் 22.1 கிலோமீற்றர். ஏறி இறங்கும் பாதை. ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 423 மீற்றர் உயரம் வரும். தலைக்கவசத்தின் கீழ் முக்காடு அணிந்து, கைகால்களை மூடிய உடையோடு மசோமா ஓடினார்.

முதலாவதாக வந்தவர் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூற்றன். அவர் எடுத்த நேரம் 30 நிமிடம் 13 செக்கன். மசோமாவின் நேரம் 44 நிமிடம் 4 செக்கன். பங்குபற்றிய 25 பேரில் அவர் 25 ஆவது.

ஏறத்தாழ 14 நிமிட வித்தியாசம். இதைச் சிறியது என்று சொல்லி மழுப்பத் தேவையில்லை. சைக்கிள் ஓட்டத்தில் அது மிகப் பெரிய இடைவெளி. ஆனால் கணக்கை மற்றப் பக்கத்தாலும் பார்ப்போம். மசோமாவின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர். அதுவும் மலைப்பாங்கான பாதையில், 44 நிமிடம் ஓயாமல். கடைக்கோ வயலுக்கோ போகும்போது நாம் சாதாரணமாக மிதிக்கும் வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர்தான். எங்களில் யாரும் அவருக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது. எதிரே நின்ற மற்றைய 24 பேரில் பெரும்பாலானோர் சிறு வயதிலிருந்தே கழகம், பயிற்றுநர், வைத்தியர், திருத்துநர் என்று ஒரு பட்டாளம் சூழ வளர்ந்தவர்கள். மசோமா பழகிய வீதியில் கல்லெறிந்தார்கள். முடிவுப் பட்டியலில் இதற்கென ஒரு நிரல் கிடையாது.

பொழுதுபோக்காக ஓடுபவர்கள் எல்லோரும் கடைசியாகத்தான் வருவார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். இதற்கு மூன்று நாட்களுக்கு முன்னர், ஜூலை 25 ஆம் திகதி, அதே ஒலிம்பிக்கின் பெண்கள் வீதி ஓட்டம் 137 கிலோமீற்றர் தூரத்துக்கு நடந்தது. அதில் தங்கம் வென்றவர் ஒஸ்ரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். அவர் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளர். எந்தத் தொழில்முறைக் கழகத்தோடும் அப்போது ஒப்பந்தம் இல்லாதவர். பயிற்சித் திட்டத்தையும் தானே வகுத்துக்கொண்டவர். புறப்பட்ட உடனேயே முன்னால் பாய்ந்த சிலரில் அவரும் ஒருவர். கடைசி நாற்பது கிலோமீற்றரையும் தன்னந்தனியாக ஓடி முடித்தார். பின்னால் வந்த பெரிய கூட்டம் அவரை மறந்தே போய்விட்டது. ஒலிம்பிக்கில் காதுக்கருவி மூலம் செய்தி சொல்ல அனுமதியில்லை. ஆகவே இரண்டாவதாக வந்த வான் ஃப்ளூற்றன், தானே வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார்! மூன்று நாள் கழித்து மசோமா ஓடிய ஓட்டத்தில் தங்கம் எடுத்தவரும் இதே வான் ஃப்ளூற்றன்தான்.

தும்புத்தடியோடு ஓடியவர்

பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டத்தின் கதவு இலகுவில் திறக்கவில்லை. 1896 இல் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோதே ஆண்களுக்குச் சைக்கிள் போட்டி இருந்தது. பெண்களுக்கு அது கிடைத்தது 1984 இல், லொஸ் ஏஞ்சல்ஸில். இடையில் எண்பத்தெட்டு வருடங்கள்.

அந்தக் கதவை முன்கூட்டியே தட்டியவர்களில் ஒருவர் இத்தாலியின் அல்பொன்சினா ஸ்ராடா. ஏழைக் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை. இத்தாலியைச் சுற்றி நடக்கும் 'ஜிரோ' என்னும் மிகக் கடினமான ஆண்கள் ஓட்டத்தில் 1924 இல் அவர் பங்குபற்றினார். பெயரின் கடைசி எழுத்து விடுபட்டு 'அல்பொன்சின்' என்று ஆண் பெயர்போலப் பட்டியலில் வந்ததால் பலருக்கு முதலில் விடயம் தெரியவில்லை. 12 கட்டங்கள், மொத்தம் 3,613 கிலோமீற்றர். இன்றைய வழுவழுப்பான தார்வீதிகள் அல்ல. சேறும் கல்லும் நிறைந்த பாதை. மழையும் காற்றும் அடித்த ஒரு நாளில் விழுந்து அவரது சைக்கிளின் ஹாண்டில் முறிந்துபோனது. தும்புத்தடிக் கம்பொன்றைக் கட்டிக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அன்று குறித்த நேரத்துக்குள் வந்து சேர முடியவில்லை. விதிப்படி அவரை நிறுத்தியிருக்க வேண்டும். கணக்கில் சேர்க்காமல் தொடர்ந்து ஓடுவதற்கு அமைப்பாளர் இடமளித்தார். புறப்பட்ட 90 ஆண்களில் ஏறத்தாழ 30 பேரே மிலான் நகருக்கு வந்து முடித்தார்கள். அல்பொன்சினாவும் வந்து முடித்தார். அடுத்த வருடம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எமது கரையில்

இவற்றையெல்லாம் சம்பூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு ஏன் சொல்கிறோம்? சைக்கிளின் அருமை உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பதனால்தான். 2006 ஏப்ரலில் தொடங்கிய குண்டுவீச்சுகளும், அவ்வாண்டு செப்ரெம்பரில் சம்பூர் இராணுவத்தின் கைக்கு மாறியதும் மக்களை வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் துரத்தின. அந்தப் பாதையில் சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். கரியரில் அரிசி மூட்டை, பாரில் ஒரு பிள்ளை, ஹாண்டிலில் தண்ணீர்க் கலன். ஏறி ஓட முடியாது. உருட்டிக்கொண்டே நடக்கவேண்டும். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான், மணற்சேனை முகாம்களில் வருடக்கணக்கான வாழ்க்கை. 818 ஏக்கர் காணி 2015 ஒகஸ்டில்தான் திரும்பக் கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சில் கிடைத்தது. அன்று தோளில் தூக்கிச் செல்லப்பட்ட கைக்குழந்தைகள் இன்று இருபது வயதை எட்டிய இளைஞர்கள், யுவதிகள். மசோமாவைப் போலவே சொந்த ஊருக்கு வெளியே வளர்ந்தவர்கள்.

2022 இல் பெற்றோல் இல்லாமற்போய் நாடே வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த பழைய சைக்கிள்களுக்கெல்லாம் மீண்டும் மதிப்பு வந்ததையும் பார்த்தோம்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பெண்களும் சைக்கிளும் சேர்ந்த ஒரு பெரிய கதை உண்டு. 1991 இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்கும் யோசனைக்கு உருக்கொடுத்தார். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், கிராமத் தாதிமார், ஆசிரியைகள் எனப் பல்லாயிரக்கணக்கானோர் பழகினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பல பெண்கள் பார் உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். காரணம் எளியது. அந்தப் பாரில் ஒரு பிள்ளையை உட்கார வைக்கலாமல்லவா! இதைப் படித்தபோது எமக்கு முகாம் பாதைகள்தான் நினைவுக்கு வந்தன. எழுதத் தெரியாதிருந்த பெண், தன் விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டுபோகவும், பஸ்ஸுக்காகவோ கணவனுக்காகவோ காத்திராமல் வேலைத்தலத்துக்குப் போகவும் தொடங்கினாள். ஊர் வாய் முதலில் கேலி செய்யத்தான் செய்தது. பிறகு ஓய்ந்துவிட்டது.

எமது பகுதியில் பெண்பிள்ளைக்குச் சைக்கிள் ஓட யாரும் தடைபோடுவதில்லை. ஆனால் சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். அல்லது கஷ்டத்துக்கு விற்கப்படும். தாய் தனியாகக் குடும்பம் நடத்தும் வீடுகளில் அப்படி விற்கவேண்டி வரும் நாட்களும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. விற்பதற்கு முன் வீட்டில் வேறு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள் என்று மட்டும் கேட்கிறோம். வகுப்புக்கோ தையல் நிலையத்துக்கோ போவதற்கு அந்தப் பிள்ளைக்கு வேறு வாகனம் இல்லை.

சில தாய்மாருக்கு வேறு பயமும் உண்டு. சைக்கிள் ஓடினால் கர்ப்பப்பைக்குக் கூடாது, பின்னால் பிள்ளைப்பேறு சிரமம் என்று பழைய ஆட்கள் சொல்வதுண்டு. அதற்கு வைத்திய ஆதாரம் எதுவும் இல்லை. மாதவிடாய் நாட்களிலும் உடம்பு இடங்கொடுத்தால் ஓடலாம். முழங்கால் நோகிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அநேகமான பிள்ளைகள் இருக்கையை மிகவும் பதித்துவைத்து ஓடுகிறார்கள். ரயரில் காற்றுக் குறைவாக இருந்தால் இரட்டிப்புப் பாடு. தூர ஓட்டம் பழகும் பிள்ளை, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை தண்ணீர் குடிக்கவேண்டும். எங்களுடைய வெயில் அப்படி.

பிறகு நடந்தவை

மசோமா ரோக்கியோவில் ஓடி மூன்று வாரம் ஆகுமுன், 2021 ஒகஸ்ட் 15 ஆம் திகதி, தலிபான்கள் காபூலைத் திரும்பக் கைப்பற்றினார்கள். பெண்களின் விளையாட்டு அத்தோடு நின்றது. அவரோடு பழகிய பெண்களுக்கு உயிராபத்து வந்தது. சர்வதேசச் சைக்கிள் ஓட்டச் சம்மேளனமும் வேறு பலரும் சேர்ந்து, வீராங்கனைகளும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் அதிகமானோரை வெளியே கொண்டுவந்தார்கள். இதில் உழைத்தவர்களில் ஒருவர் இத்தாலியின் முன்னாள் உலகச் சம்பியன் அலெஸ்ஸாண்ட்ரா கப்பெலொத்தோ.

சொந்த மண்ணில் நடத்த முடியாத ஆப்கானிஸ்தான் பெண்கள் சம்பியன் போட்டி, 2022 ஒக்ரோபர் 23 ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் ஏய்கலில் நடத்தப்பட்டது. 57 கிலோமீற்றர். பல நாடுகளில் சிதறியிருந்த பெண்கள் வந்து கூடினார்கள். வென்றவர் ஃபரிபா ஹாஷிமி. இரண்டாவது அவரது சகோதரி யுல்டுஸ். இவ்விருவரும் ஃபர்யாப் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். முதன்முதலில் ஊரில் ஒரு போட்டிக்குப் போனபோது வேறு பெயர் சொல்லி, அடையாளம் தெரியாதபடி தொளதொளத்த உடை அணிந்து, இரவல் சைக்கிளில் ஓடியவர்கள். 2024 ஒகஸ்ட் 4 ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கின் 158 கிலோமீற்றர் வீதி ஓட்டத்தில் இருவரும் தமது சொந்தப் பெயரிலேயே ஆப்கானிஸ்தானுக்காகப் புறப்பட்டார்கள்.

அதே பாரிஸில் அகதிகள் அணியின் தலைவியாக, 37 வீரர் வீராங்கனைகளுக்குப் பொறுப்பாகச் சென்றவர் மசோமா. வயது 28. அந்த அணியின் சின்டி ங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் வரலாற்றில் அகதிகள் அணிக்குக் கிடைத்த முதலாவது பதக்கம் அது.